சொட்டு ஓடிய திசை

ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று காலை பத்தேகால் மணிக்கு, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக் குவார்ட்டர்ஸில், அறுபத்திரண்டு வீடுகளிலும் தண்ணீர் தனக்குப் பிடித்த பக்கமாக ஓடத் தொடங்கியது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் தண்ணீர் ஒழுங்காக ஓடினால்தான் ஆச்சரியம். தரை வாட்டம் சரியில்லை என்று பராமரிப்புப் பிரிவின் புகார் நோட்டில் ஒரே நாளில் நாற்பது பேர் எழுதினோம். அவர்களும் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வீடு வீடாக வைத்துப் பார்த்தார்கள். குமிழ் நட்டநடுவில் நின்றது. தரை மட்டமாகத்தான் இருக்கிறது, உங்கள் தண்ணீர்தான் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

தரை மட்டும் இல்லை. எவர்சில்வர் தட்டு, சமையல் மேடைக் கிரானைட், முகம் பார்க்கும் கண்ணாடி, டிவித் திரை, பீரோக் கதவு என்று எதெல்லாம் வழுவழுப்பாக இருந்ததோ அதன்மேலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு கணம் தயங்கி, பிறகு விறுவிறுவென்று ஒரே பக்கமாக ஓடி விளிம்பில் போய் நின்றது. தட்டைத் திருப்பினால் சொட்டும் திரும்பி மறுபடி அதே பக்கம் ஓடியது. சுவரில் மாட்டிய கண்ணாடியில்கூடக் கீழே வழியாமல் குறுக்கே போனது. அம்மியிலும் மண்பானையிலும் கோரைப்பாயிலும் மட்டும் தண்ணீர் எப்போதும்போல நடந்துகொண்டது. ஒரு வீட்டில் ஓடிய பக்கம் அடுத்த வீட்டில் ஓடவில்லை. காலை வெயில் சாய்ந்து விழும்போது எங்கள் தட்டுகளிலும் தரைகளிலும் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மினுக்கம் வந்து போனது, அவ்வளவு அழகான தட்டில் யாருக்கும் சோறு போடவே மனசு வரவில்லை.

இதற்குக் காரணம் என்று ஒன்று இருந்தது. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. நிலையத்தின் மூன்றாவது கட்டடத்தில் அயனிக் கதிர் இயந்திரம் ஒன்று உண்டு. ஆர்கான் என்கிற, யாரோடும் ஒட்டாத, எதிலும் பட்டுக்கொள்ளாத வாயுவை மின்சாரத்தால் உசுப்பிவிட்டு, காற்றே இல்லாத ஒரு பெட்டிக்குள் கதிராகப் பாய்ச்சி, விரல் நகம் அளவு சிலிக்கன் சில்லின்மேல் சாய்வாக விழவைத்தால், அது சில்லை அணு அணுவாகப் பெயர்த்து, தேரி மணலில் காற்று போடுகிற வரிகளைப் போலவே, ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரம் வரி அடங்குகிற நுணுக்கத்தில் மேடும் பள்ளமும் போடும் என்பது கணக்கு. கணக்கு அப்படி, மூன்று வருஷமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் ஒரு வரிகூட விழவில்லை. அதற்குப் பொறுப்பான விஞ்ஞானி ஹரிஹரசுதனுக்குத் தலையில் பாதி முடி போனதுதான் மிச்சம்.

இயந்திரத்தை ஓட்டுகிறவள் சொர்ணக்கிளி. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பி பிளாக் முதல் மாடியில் தனியாக இருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை தனியாக இல்லை; தாயும் தகப்பனும் போன பிறகு அவள் வளர்த்த தம்பி பால்வண்ணன் கூட இருந்தான். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவனுக்குக் கை நடுக்கம் வந்து, பேச்சு மெதுவாகிவிட்டது; இருபத்தொரு வயதிலும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்கத் தெரியாது. அந்த வருஷத்து ஆயுத பூஜையன்று, அவள் வீடு முழுக்கத் துடைத்துக் கோலம் போட்டு நிமிர்ந்தபோது, உதவி செய்கிறேன் என்று ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து கோலத்தின்மேல் கவிழ்த்துவிட்டான். "ஒரு நாளாவது தண்ணி சிந்தாம இருந்திருக்கியால? எங்கயாவது போய்த் தொலையேன்" என்றாள் அவள். எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். அவன் சொன்னதைக் கேட்கிற பிள்ளை, போய்விட்டான். அதற்குப் பிறகு போலீஸ், பத்திரிகை, ரயில்வே ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போட்டோ என்று அவள் அலையாத இடம் கிடையாது. ஏழு வருஷம் ஆனதும் சொந்தக்காரர்கள் வந்து, காரியம் பண்ணிவிடலாம், நீயும் ஆறிவிடலாம் என்றார்கள். அவள் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கம் தேரிக்காட்டு அய்யனார் கோயில் செம்மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துவந்து வீட்டில் வைத்திருப்போம், தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்கிற மண் அது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இயந்திரத்தின் வெளிக்கதவில்தான் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும், உள்ளே தூசு தும்பு போகக் கூடாது என்பது விதி. இந்த வருஷம் தம்பிக்கு முப்பது வயது என்ற நினைப்பு வந்ததில், சொர்ணக்கிளி யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் திறந்து, சில்லை வைக்கிற தட்டிலேயே அய்யனார் மண்ணைக் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிட்டாள். விஜயதசமியன்று பேருக்கு ஒரு தடவை ஓட்டினார்கள். மூன்று வருஷமாக விழாத வரி விழுந்தது. செம்மண்ணில் இருந்த இரும்பு கதிரில் தெறித்துச் சில்லில் ஒட்டியதால்தான் விழுந்தது என்று ஹரிஹரசுதன் பிற்பாடு கண்டுபிடித்துச் சொன்னார். சில்லில் விழுந்த வரி எங்கள் தட்டுகளில் ஏன் விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சொட்டு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் கேட்டோம். கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. வாசல் கேட்டில் நிற்கும் பீகார்க்காரக் காவலாளி, தன் தட்டில் சொட்டு வடகிழக்கே ஓடுவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்; ஏன் என்று கேட்டதற்கு, பெண்டாட்டி அங்கேதானே இருக்கிறாள் என்றார். அப்புறம்தான் ஒவ்வொருவராக அவரவர் தட்டைப் பார்த்தோம். மகள் பெங்களூரில் படிக்கிற வீட்டில் வடக்கே ஓடியது. ஹரிஹரசுதனின் சில்லில் சொட்டு விட்டால் சென்னையில் இருக்கிற அவருடைய இரண்டு வயது மகளை நோக்கி ஓடியது. சில்லை வேறொருவர் கையில் கொடுத்தால் அவர்களுடைய ஆளை நோக்கித் திரும்பியது. யாருக்கு யார் வேண்டுமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அதோடு ஒரு குவார்ட்டர்ஸ் எப்படிக் குடித்தனம் நடத்தும்? புருஷன் தட்டு ஒரு பக்கமும் பெண்டாட்டி தட்டு ஒரு பக்கமும் ஓடிய வீடுகளில் வாழை இலைக்கு மாறினார்கள். விருந்தாளி வந்தால் டம்ளரை நிறையக் கொடுக்காமல் பாதியாகக் கொடுக்கப் பழகினோம், சிந்தினால் மானம் போய்விடும். மழை பெய்தபோது கார்களின் கூரைமேல் சொட்டுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடியதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க, பெரியவர்கள் கார்களுக்கு உறை போட்டு மூடினோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதிரவியத்தின் மகன் கனடாவில் இருக்கிறான்; அவர் வீட்டுச் சொட்டு ஏழு கடல் தாண்டி ஓடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அது வாசலைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கி, சி பிளாக்கில் கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய சொந்தத் தம்பியின் கதவு வரைக்கும் போனது. கேரம் விளையாட்டில் வந்த சண்டைக்காக இரண்டு பேரும் பேசிப் பதினேழு வருஷம் ஆகிறது. ஞானதிரவியம் வீடு முழுக்கக் கோரைப்பாய் வாங்கி விரித்தார்.

சொட்டு ஓடாமல் நின்ற வீடுகளும் இருந்தன. சொர்ணக்கிளிக்கு எதிர்வீட்டு எமல்டாவின் தரையில் சொட்டு விழுந்த இடத்திலேயே உருண்டையாக நின்று, இரண்டு நாள் உலராமல் பளபளத்தது. அவள் கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் எட்டிப் பார்க்கப் போனபோது அவளே சொன்னாள், "எங்க வீட்டுக்காரவ எங்கயும் போகல. போனாத்தான தண்ணி அந்தப் பக்கம் ஓடும்? இங்கனயே இருக்காவ." சொல்லிவிட்டு அந்தச் சொட்டைச் சுற்றி நாலு முல்லைப்பூ வைத்தாள். அதே வாரம், கல்யாணமாகி ஒரு மாசமான ஒரு ஜோடியின் வீட்டிலும் சொட்டு அசையாமல் நின்றது, அவர்களை நாங்கள் கேலி செய்யாத கேலி இல்லை. இறந்துபோனவரின் வீட்டிலும் நிற்கும், ஒருத்தரும் குறையாத வீட்டிலும் நிற்கும். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த நாளிலிருந்து சொர்ணக்கிளி தண்ணீருக்குப் பயந்தாள். ஓடினால் தம்பி எங்கேயோ இருக்கிறான்; நின்றால் இல்லை. ஒன்பது வருஷம் தெரியாமல் இருந்த ஒன்றை ஒரு சொட்டு சொல்லிவிடும். அவள் இலையில் சாப்பிட்டாள், மண்சட்டியில் சமைத்தாள், தரையைத் துடைக்காமல் வெறும் விளக்குமாற்றால் பெருக்கினாள், குளித்துவிட்டு வந்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் தலையை முறுக்கித் துவட்டிக்கொண்டுதான் பாயில் கால் வைத்தாள். "ஒரே ஒரு சொட்டு விட்டுப் பாத்துருவோமா?" என்று எமல்டா கேட்டதற்கு, "வேண்டாக்கா. இப்ப அவன் பாதி இருக்கான். அந்தப் பாதியும் போயிட்டுன்னா நான் என்ன செய்ய?" என்றாள்.

கார்த்திகை பிறந்ததும், மேலிடத்திலிருந்து ஒரு குழு ஆய்வுக்கு வருகிறது என்று கடிதம் வந்தது. ஞானதிரவியம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார். இந்த மினுக்கமும் வேண்டாம், மானக்கேடும் வேண்டாம், எல்லாவற்றையும் பழையபடி மட்டமாக்கிவிட வேண்டும் என்றார். முடியும் என்றார் ஹரிஹரசுதன். பொட்டை வழித்து எடுத்துவிட்டு, கதிரைச் சாய்க்காமல் நேர்க்குத்தாகப் பாய்ச்சினால் மேடு கரைந்து பள்ளம் நிரவிவிடும். சில்லின் ஓர் ஓரத்தை இரண்டு நிமிஷம் அப்படிச் செய்து பார்த்தபோது எங்கள் எல்லார் தட்டிலும் விளிம்பு மட்டமாகிவிட்டிருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். காவலாளியையும் எமல்டாவையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் தவிர எல்லாரும் தூக்கினோம், நானும் தூக்கினேன். சொர்ணக்கிளி தூக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது, ஓட்டப்போகிறவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஒரு திருவிழாவுக்குப் போவதுபோல மூன்றாவது கட்டடத்துக்குப் போய், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு விஷயத்தை அவள் மறந்திருந்தாள், அல்லது மறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். சில்லைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் சுத்தத் தண்ணீரில் ஒரு முறை அலசியாக வேண்டும். இருபது வருஷமாகத் தினமும் செய்த வேலை. இடுக்கியில் சில்லும் மற்றக் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"குடுங்க மேடம், நான் அலசிடுறேன்" என்றார் ஹரிஹரசுதன்.

"உங்க கையில இருந்தா அது உங்க மகளைத்தான் காட்டும் சார்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு புட்டியை அழுத்தினாள்.

ஒரு சொட்டு சில்லின் நடுவில் விழுந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அறுபது எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க அது நடுங்கியபடி நின்றது, எமல்டா சிலுவை போட்டுக்கொண்டாள், அப்புறம் அந்தச் சொட்டு, வெட்கப்பட்ட பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மெல்ல மெல்ல நகர்ந்து, வடமேற்குப் பக்கமாக ஓடி விளிம்பைத் தொட்டது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். சில்லைத் திருப்பினாள், சொட்டும் திரும்பி வடமேற்கே ஓடியது. தலைகீழாகத் திருப்பினாள், வடமேற்கே ஓடியது. "இருக்கான்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குக் கேட்டது. "இருக்கான், இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், இடுக்கியை மட்டும் விடவில்லை.

இனி அந்தச் சில்லை மட்டமாக்க வேண்டும். ஞானதிரவியம்தான் கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்போடு யாரும் போகக் கூடாத இடத்துக்குள் செருப்போடு போனார்.

"ஏ பிள்ள, எந்திரி. அந்தச் சில்லை எடுத்துட்டு நீ கிளம்பு."

"ஓட்டுப் போட்டாச்சு அண்ணாச்சி. குழு வருதுல்லா?"

"வந்தா வரட்டும். எங்க மானம் எங்கயும் ஓடிராது. ஓடுனா சி பிளாக் வரைக்கும் ஓடும்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கூட்டத்தில் நின்ற அவருடைய தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஹரிஹரசுதன், பம்ப் பழுது, ஆய்வை ஒரு மாதம் தள்ளிவைக்கவும் என்று அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார்.

சொர்ணக்கிளி மத்தியானமே கிளம்பினாள். சில்லை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டாள், கண்ணுக்கு மருந்து விடுகிற புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள், வீட்டுச் சாவியை எமல்டாவிடம் கொடுத்து, தினம் காலையில் தன் வீட்டுத் தரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னாள்; யார் விட்டாலும் தரை அந்த வீட்டுக்காரரின் ஆளைத்தான் காட்டும். பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக இறங்கி, சில்லில் சொட்டு விட்டு, அது ஓடுகிற பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் போனாள். மலையைச் சுற்றிக்கொண்டு போய் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள், வடக்கே காட்டுது என்றாள். திருச்சூரிலிருந்து வந்தது, இன்னும் வடக்கே என்றாள். கண்டக்டர்கள் அவளைக் கிறுக்கி என்று நினைத்து டிக்கெட் கேட்காமல் விட்டார்களாம். பிறகு மலைப்பக்கம் ஏதோ ஓர் ஊரிலிருந்து, பாதிப் பேச்சில் சிக்னல் போய், அதற்கப்புறம் மூன்று நாள் போனே இல்லை.

எமல்டா ஒரு நாளும் தவறாமல் சொட்டு விட்டாள். பதினெட்டு நாளும் அது வடமேற்கே ஓடியது. நாங்களும் பால் வாங்கப் போகிற சாக்கில் அந்த வழியே போய் எட்டிப் பார்த்தோம். சமையலறையில் எங்கள் வீட்டுத் தட்டுகளில் வேறு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மகளுக்கும் மகனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்த சொட்டுகள், ஓடுவதற்கு முன்னால் ஒரு கணம் வடமேற்கே, அவள் போன பக்கம் சாய்ந்துவிட்டுத்தான் ஓடின. ஞானதிரவியம் பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கேரம் போர்டைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு சி பிளாக்குக்குப் போனதாகச் சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு எமல்டா போட்ட கூச்சலில் பிளாக் முழுக்க ஓடினோம். சொர்ணக்கிளி வீட்டுத் தரையில், நட்டநடுவில், சொட்டு நின்றுகொண்டிருந்தது. எமல்டா இன்னொரு சொட்டு விட்டாள், அதுவும் விழுந்த இடத்தில் நின்றது. கையில் இருந்த செம்பை அப்படியே கவிழ்த்தாள், தண்ணீர் வட்டமாகப் பரவி, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. "போயிட்டானே, நம்ம பிள்ள போயிட்டானே" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, அவனைப் பார்த்தவர்களும் பார்த்திராதவர்களுமாக நாங்களும் அழுதோம். தன் கணவருக்காக நின்ற சொட்டுக்கு முல்லைப்பூ வைத்தவளுக்கு, இந்தச் சொட்டைத் தாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. நான் அன்றைக்குக் கை தூக்கியதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அப்போது கீழே மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது.

"காலைத் தூக்கி வைல. படி இருக்கு, பாத்து வா."

சொர்ணக்கிளி கறுத்து, மெலிந்து, அதே சேலையில் ஏறி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாடியும் நரையுமாக, முப்பது வயதில் ஐம்பது வயதுக்காரனைப் போல ஒருவன் வந்தான். மலையில் ஒரு டீக்கடைக்குப் பின்னால், இத்தனை வருஷமாகக் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். கூப்பிட்டதும் வந்துவிட்டான், ஆனால் அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கடைக்கு வருகிற பெண்களைக் கூப்பிட்ட பழக்கத்தில் வழியெல்லாம் டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டானாம். முன்கூட்டிச் சொன்னால் கைதவறிப் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

நாங்கள் வழி விட்டோம். அவன் ஈரத்தரையில் கால் வைத்து, சுற்றிலும் பார்த்து, தாகம் என்றான். எமல்டா ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கின கை நடுங்கியது. பாதித் தண்ணீர் அவன் வாய்க்குப் போகுமுன்பே தரையில் விழுந்தது. அவன் வெலவெலத்துப்போய் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒடுங்கி, "சிந்திட்டேன் அக்கா" என்றான்.

டீச்சர் என்று சொல்லவில்லை, அக்கா என்றுதான் சொன்னான். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

சொர்ணக்கிளி துடைப்பதற்குத் துணி எடுக்கவில்லை. குடத்திலிருந்து இன்னொரு டம்ளர் நிறைய மோந்துகொண்டு வந்து, சிந்திய தண்ணீரிலேயே அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, தலைமேல் இருந்த அவனுடைய கைகளை ஒவ்வொன்றாக இறக்கி, டம்ளரை அவற்றுக்குள் வைத்தாள்.

"சிந்துனா சிந்தட்டும்ல" என்றாள். "நீ குடி."

அவன் குடித்தான், சிந்தினான், மறுபடி குடித்தான். தரையில் அவர்கள் இருவரையும் சுற்றித் தண்ணீர் பெருகியது. மயில் கழுத்து நிறத்தில் மினுங்கிக்கொண்டு, போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லாமல், அது அங்கேயே நின்றது.